சிங்காரத்தின் தலைக்கட்டு

காளப்பட்டிப் பூந்தளிர் அடுக்ககத்தில் டைப் அடிக்கத் தெரிந்த ஒரே மனுஷி தாரணிதான். 2061-ல் இது லேசுப்பட்ட காரியமில்லை. வாயைத் திறந்து சொன்னால் போதும், எல்லாம் நடந்துவிடும் என்று ஆகி எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. விசைப்பலகையைக் கண்ணால் பார்த்தே இராத பிள்ளைகள் கல்யாணம் முடித்துக் குழந்தையும் பெற்றுவிட்டார்கள். தாரணியோ தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ். தாலுகா ஆபீசின் கடைசி டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். காதில் விழுவது நேராக விரலுக்கு வந்துவிடும், நடுவில் மூளைக்கு வேலையே கிடையாது என்று அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அந்தப் பெருமைதான் அவளைக் கவிழ்த்துவிட்டது.

பூந்தளிரில் வீட்டுக்கு வீடு ஒரு ‘வீட்டாள்’ உண்டு. ஆள் என்றால் கை கால் முளைத்த ஆள் இல்லை, சுவருக்குள் உட்கார்ந்திருக்கும் இயந்திர மூளை. கதவு திறப்பது, அடுப்பு மூட்டுவது, மாத்திரை ஞாபகப்படுத்துவது, வாசலில் நிற்பவர் வீட்டு மனுஷரா, விருந்தாளியா, வேலைக்கு வந்தவரா என்று தரம் பிரிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் தலைக்கட்டு. அவர் சொல்வதைத்தான் வீட்டாள் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளும். கோயில் வரிக்குக் குடும்பத்துக்கு ஒரு தலைக்கட்டு என்று எண்ணுவார்களே, அந்தச் சொல்லைக் கம்பெனிக்காரன் அப்படியே தூக்கி இதற்கு வைத்துவிட்டான். தாரணி வீட்டில் தாரணிதான் தலைக்கட்டு. புருஷன் போன பிறகு அவளும் மகள் நறுமுகையும் மட்டும்தான்.

அந்த நறுமுகைக்கு வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா பூபதிராஜ் கோபிச்செட்டிபாளையத்துக்காரர், வாழைத்தோட்டமும் மீசையுமாக இருப்பார். பெண் பார்க்க வந்த அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டார்.

“ஏனுங்க சம்மந்தியம்மா, உங்க பக்கம் தட்டு மாத்தறதுக்குப் பெரியவங்கன்னு ஆரு இருக்கறாங்க?”

“நான் இருக்கறேனுங்களே.”

“நீங்க இருக்கறீங்க, அது தெரியுது. குடும்பத்துக்குத் தலைன்னு ஒருத்தர் வேணுமில்லீங்களா? அதைக் கேட்டேன்.”

தாரணி கோபத்தை அடக்கிக்கொண்டு காபியை நீட்டினாள். பையனும் பெண்ணும் மனசுக்குப் பிடித்துப் பழகியவர்கள் என்பதால் பூபதிராஜ் தலையாட்டினாரே ஒழிய, ஒரு சாக்குக் கிடைத்தால் நழுவிவிடலாம் என்றுதான் காத்திருந்தார். வெள்ளிக்கிழமை வரைக்கும் அவர் கையில் எந்தச் சாக்கும் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாரணியின் கவலையெல்லாம் அது ஒன்றுதான்.

இந்த நேரத்தில்தான் சங்கச் செயலாளர் நிஷாந்த் வீட்டாளைப் புதுப்பிக்கக் கிளம்பினார். பம்ப்செட் கம்பெனியில் விற்பனை பார்த்து ஓய்வு பெற்றவர். சாதாரணமாகப் பேசினாலே மூன்றாவது மாடிக்குக் கேட்கும். ஆள் அனுப்பட்டுமா என்று கம்பெனி கேட்டதற்கு, எங்களிடமே படித்தவர்கள் இருக்கிறார்கள் என்று பதில் எழுதிவிட்டார். பூந்தளிர் சங்கத்தின் வழக்கமே அதுதான். தண்ணீர்த்தொட்டி கழுவுவதாக இருந்தாலும் தாங்களே ஆரம்பித்து, பாதியில் சொதப்பி, அப்புறம்தான் ஆளைக் கூப்பிடுவார்கள்.

“அம்மிணி, வீட்டாளோட அடியில ஓடறது யூனிக்ஸ் வம்சமாமா. பழைய கம்ப்யூட்டர் வம்சம். பேசினா அதுக்குக் காது கேக்காது, டைப்தான் அடிக்கோணும்னு போட்டிருக்குது. நீங்க வந்து உக்காந்துட்டீங்கன்னா சோலி முடிஞ்சுது,” என்றார்.

“நான் என்னத்தைக் கண்டேனுங்கண்ணா?”

“நீங்க ஒண்ணும் காண வேண்டாம். நான் வாசிக்கறேன், நீங்க அடிங்க.”

ஒருவர் வாசிக்க ஒருவர் அடிப்பது தாரணி காலமெல்லாம் செய்த வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடித்துச் சங்க அறையில் போய் உட்கார்ந்தாள். எங்கிருந்தோ தேடிப்பிடித்த விசைப்பலகையைத் துடைத்து வைத்திருந்தார்கள். நிஷாந்த் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளைத் தூக்கிப் பிடித்தார்.

“‘தொடங்கும் முன் இந்த வழிமுறைகள் முழுவதையும் ஒரு தடவை படித்துவிடவும்.’”

தாரணி அடித்தாள். அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது திரை.

“அட, அதை அடிக்க வேண்டாமுங்க. அது நமக்குச் சொன்னது.”

“எது நமக்கு, எது மிஷினுக்குன்னு நீங்கதானுங்க சொல்லோணும்.”

“சரி, மிஷினுக்குன்னா முன்னாடியே ‘கட்டளை’ன்னு சொல்லீர்றேன்.”

முழுவதையும் படிக்கச் சொன்ன வரியைப் படித்தாகிவிட்ட திருப்தியோடு நிஷாந்த் அடுத்த வரிக்குப் போனார்.

அந்தத் தாளில் எடுத்துக்காட்டுக்காகப் போட்ட சொற்களை மட்டும் சாய்வெழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அவரவர் விவரத்தை அந்த இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கீழே பொடி எழுத்தில் குறிப்பும் இருந்தது. கண்ணால் படிக்கிறவனுக்குச் சாய்வு தெரியும். நிஷாந்தின் குரலோ சாய்ந்த எழுத்தையெல்லாம் நிமிர்த்தி நிற்கவைத்துவிடும்.

“கட்டளை. வீடு, நட்சத்திரக் குறி. தலைக்கட்டு, சிங்காரம். வயசு எண்பத்தொண்ணு. சாப்பாடு, உப்பில்லாம. போதுமுங்க, தட்டிவிடுங்க.”

சிங்காரம் யார் என்று தாரணி கேட்கவில்லை. தாலுகா ஆபீசில் லட்சம் பேருடைய பெயரை அடித்தவள், ஒருத்தரையும் யாரென்று விசாரித்ததில்லை. தட்டிவிட்டாள். முடிந்தது என்றது திரை. இருவரும் டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

சாயங்காலம் தாரணி தன் வீட்டு வாசலில் போய் நின்றாள். கதவு திறந்தது. “வாங்க, வாங்க. சிங்காரம் ஐயா குடும்பத்துல நீங்க ஆருங்க?” என்று வீட்டாள் குசலம் விசாரித்தது. உள்ளே நாலாவது மாடிக்காரர் சோபாவில் உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தார். தன் வீட்டுக் கதவென்று நினைத்து வந்துவிட்டாராம், கதவும் திறந்துவிட்டதாம். ராத்திரிச் சாப்பாட்டில் எந்த வீட்டுச் சாம்பாரிலும் உப்பில்லை. உப்பு டப்பாவை எடுத்தால் அடுப்பு அணைந்தது, ஐயாவுக்கு ஆகாது என்று விளக்கமும் வந்தது. பெரியவர் பயந்துவிடக் கூடாதென்று லிஃப்ட் ஊர்ந்து ஊர்ந்து ஏறியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம்கூட வீட்டாள், ஐயா தூங்கியாச்சு, சத்தம் போடாதே சாமி என்று சொல்லி டிவியை நிறுத்தியது.

திங்கட்கிழமை காலையில் வேலைக்கு மோனிஷா வந்தாள். வழக்கமாகப் பின்பக்க லிஃப்டில் ஏறி, தாரணி அனுமதி சொல்லும் வரை வெளியே நிற்க வேண்டியவள். அன்றைக்கு முன்வாசல் கதவு தானாகத் திறந்தது. “வா சாமி, சாப்ட்டியா? காபி சூடா இருக்குது, உக்காந்து குடி,” என்றது வீட்டாள். மோனிஷா உட்காரலாமா கூடாதா என்று தாரணியின் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் சாப்பிட்டாளா என்று தான் ஒரு நாளும் கேட்டதில்லையே என்பது தாரணிக்குச் சுருக்கென்று தைத்தது. வெட்கமாக இருந்தது. உட்காரச் சொன்னாள்.

ஆனால் எல்லாருக்கும் அந்த வெட்கம் வரவில்லை. கண்டவர்களும் உள்ளே வருகிறார்கள், சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள் என்று சங்க அறையில் கூட்டம் கூடிவிட்டது. எந்த வீட்டிலும் ஒரு டம்ளர்கூடக் காணாமல் போகவில்லை என்பது வேறு விஷயம். நிஷாந்த் வேறு வழியில்லாமல் கம்பெனிக்குப் போன் போட்டார். நிலானி என்று ஒரு பெண் எடுத்தாள்.

“சார், நட்சத்திரக் குறின்னா ‘எல்லாம்’னு அர்த்தம். நாப்பத்தெட்டு வீட்டுக்கும் சிங்காரம்தான் தலைக்கட்டுன்னு நீங்களே கட்டளை கொடுத்திருக்கீங்க. அந்த வீட்டுப் பட்டியல்ல இருந்த எல்லாரும், வேலைக்கு வர்றவங்ககூட, இப்ப அவர் குடும்பம்.”

“அது உதாரணம்தானுங்களே. மிஷினு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்களா?”

“இந்த வம்சம் கேட்காது சார். சொன்னவருக்குத் தெரியாதான்னு நம்பிச் செஞ்சுரும். அதுதான் அதோட நல்ல குணமே.”

“போகட்டும், சிங்காரத்தைத் தூக்கிருங்க.”

“எங்களால முடியாது சார், உங்களாலயும் முடியாது; புதுப்பிக்கறப்போ ஒரே தடவைதான் யாரை வேணும்னாலும் போடலாம். வீட்டுக்காரங்களுக்குத் தெரியாம கம்பெனி தலைக்கட்டை மாத்தக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. ஒண்ணு, சிங்காரம் ஐயா நேர்ல சம்மதிக்கணும்.”

“அப்படி ஒரு ஆளே இல்லீங்க.”

“இல்லாட்டி, அவர் காலமாகியிருக்கணும்.”

பிறக்காத மனுஷனைச் சாகடிப்பதில் ஒரு பாவமும் இல்லை என்று நிஷாந்த் முடிவு கட்டினார். நிலானி வழிமுறையை அனுப்பினாள். புதன்கிழமை காலையில் நிஷாந்த் வாசித்தார், தாரணி அடித்தாள், சிங்காரம் செத்துப் போனார்.

இந்தத் தடவையும் நிஷாந்த் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. திருப்பியிருந்தால் அந்தப் பக்கத்தில், தலைக்கட்டு காலமானால் வட்டார வழக்கப்படி வீட்டாள் செய்ய வேண்டியதை எல்லாம் தானே செய்துவிடும் என்று போட்டிருந்தது தெரிந்திருக்கும்.

சாவு வீட்டில் அடுப்பெரியக் கூடாது. நாற்பத்தெட்டு வீட்டிலும் அடுப்பு அணைந்தது. வெளியிலிருந்து சோறு தருவிக்கலாமென்றால், அதை உள்ளே விட வீட்டாள் சம்மதிக்கவில்லை. துக்க வீட்டுக்கு ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள்தான் சோறு கொண்டுவர வேண்டும், கடைக்காரன் கொண்டுவரக் கூடாது என்று அதற்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கீழே மண்டபத்துத் திரையில் மாலை போட்ட படம் ஒன்று வந்துவிட்டது. வெள்ளை மீசை, நெற்றியில் திருநீறு, யாருக்கு வேண்டுமானாலும் சித்தப்பாவாக இருக்கக்கூடிய முகம். நாற்பத்தெட்டு குடும்பத்துச் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் துக்கச் செய்தி பறந்தது. அதில் ஒன்று கோபிச்செட்டிபாளையத்துக்கும் போனது.

தாரணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிலானியைக் கூப்பிட்டாள்.

“கண்ணு, இதை எப்படி நிறுத்தறது? நாளான்னைக்கு எம்புள்ளைக்கு நிச்சயம்.”

“அடுத்த தலைக்கட்டு வந்தா நின்னுரும்மா. துக்கம் எத்தனை நாள்னுகூட அவங்கதான் முடிவு பண்ணணும். ஆனா சிங்காரம் ஐயா யாரையும் வாரிசுன்னு சொல்லாமப் போயிட்டார். அப்படின்னா, குடும்பத்துல சேராத, அவரை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் வந்து சாட்சி சொல்லணும், இன்னாருகிட்ட ஒப்படைக்கச் சொன்னார்னு. வீட்டு ஆளுங்க சொன்னா செல்லாது. சொத்துக்கு அடிச்சுக்குவாங்கன்னு அப்படி வெச்சிருக்கு.”

“அவரைத் தெரிஞ்சவங்களுக்கு நான் எங்க போறது?”

“எனக்கும் புரியுதும்மா,” என்றாள் நிலானி.

வியாழக்கிழமை காலையில் பூபதிராஜ் கார் வந்து நின்றது. கையில் ரோஜா மாலை, முகத்தில் துக்கம். அந்தத் துக்கத்துக்கு அடியில் ஒரு நிம்மதி இருந்ததைத் தாரணி கண்டுகொண்டாள். சாக்கு கிடைத்துவிட்டது. நறுமுகை மேலே ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்க அழுது அவள் கண் வீங்கியிருந்தது.

மண்டபத்தில் நாலு ஊர்க் கூட்டம் நிறைந்திருந்தது. வந்தவர்கள் கேட்ட முதல் கேள்விக்கு நிஷாந்த்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்: “உடம்பை மெடிக்கல் காலேஜுக்குக் குடுத்தாச்சுங்க. அது அவரோட ஆசை.” கேட்டவர்களுக்குச் சிங்காரத்தின் மேல் மரியாதை கூடிவிட்டது. உண்மை தெரிந்த பூந்தளிர்க்காரர்கள் காலிவயிற்றோடு ஓரமாக நின்றார்கள். இத்தனை பேரை வரவழைத்துவிட்டு, அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை.

பூபதிராஜ் மாலையைப் போட்டுவிட்டுத் தாரணி பக்கம் வந்தார்.

“இப்படி ஒரு பெரியவரு உங்களுக்கு இருக்கறாருன்னு ஒரு வார்த்தை சொல்லலியே சம்மந்தியம்மா. சரி, ஆனது ஆச்சு. தலை சாஞ்ச வீட்டுல ஒரு வருசத்துக்கு நல்ல காரியம் பண்ணக் கூடாது. அடுத்த வருசம் எப்படி இருக்குதுன்னு பார்ப்பமுங்க.”

எப்படி இருக்கும் என்று தாரணிக்குத் தெரியும். ஒரு வருஷத்தில் கோபியில் இன்னொரு பெண் பார்த்து முடித்துவிடுவார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். டைப் அடித்து உண்டான தாத்தா என்று சொன்னால், இந்தக் குடும்பத்துக்குப் புத்தி சரியில்லை என்பதே அடுத்த சாக்காக ஆகும். அவள் யோசித்துக்கொண்டிருக்கையில், நிஷாந்த் பழக்கதோஷத்தில் மைக்கைப் பூபதிராஜிடம் நீட்டிவிட்டார்.

மைக்கைக் கண்டால் விடுகிற ஆளில்லை பூபதிராஜ். கோபியில் அவர் பேசாத துக்க வீடு கிடையாது. செத்தவரைத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையெல்லாம் அவர் வைத்துக்கொண்டதில்லை.

“சிங்காரத்தண்ணனை எனக்கு இன்னைக்கு நேத்தாத் தெரியும்?” என்று ஆரம்பித்தார். “அந்தியூர்ச் சந்தையில நானும் அவரும் ஒண்ணா மாடு புடிச்சிருக்கறோம். என்ன மனுசனுங்க அவரு. எனக்குக் கூடப்பொறந்த அண்ணனாட்ட. ஒரு நல்ல காரியம்னா நாளைக்குப் பார்க்கலாம்னு தள்ளிப்போட மாட்டாரு, இன்னைக்கே முடின்னு நிப்பாரு. மனசுல எது இருந்தாலும் எங்கிட்டத்தான் கொட்டுவாரு.” சொல்லச் சொல்ல அவருக்கே நெகிழ்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். வந்தவர்களில் நாலைந்து பேர் விசும்பினார்கள்.

தாரணிக்கு முதலில் சிரிப்பு முட்டியது. இப்படியும் ஒரு மனுஷன் வாய்கூசாமல் பேசுவானா என்று பிறகு கோபம் வந்தது. அதற்கும் பிறகுதான், இத்தனை நாள் சும்மா கிடந்த மூளை வேலை செய்தது. அவர் குடும்பத்தில் சேராதவர். சிங்காரத்தை நன்றாகத் தெரிந்தவர். ஊரறிய மைக்கில் சொல்லியும் விட்டார். செய்யப்போவது நியாயமா என்று ஒரு கணம் உறுத்தத்தான் செய்தது. ஜன்னலில் நின்ற மகளை அண்ணாந்து பார்த்ததும் அது போய்விட்டது. நேராகக் கூட்டத்தின் நடுவே போய் நின்றாள்.

“சம்மந்தி, எங்ககிட்ட ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாருங்க அவரு. மனசுல இருக்கறதையெல்லாம் உங்ககிட்டக் கொட்டுவாருன்னு சொல்றீங்க. இந்தக் குடும்பத்தை ஆருகிட்ட ஒப்படைக்கோணும்னு எப்பவாச்சும் பேசினாருங்களா?”

பூந்தளிர்க்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

பூபதிராஜ் மீசையைத் தடவினார். பேசவில்லை என்றால் கூடப்பொறந்த அண்ணன் கதை அடிபட்டுப் போகும். பேசினார் என்றால் ஒரு பெயர் சொல்ல வேண்டும். அவர் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சிங்காரத்துக்கு மகன் இருக்கிறானா, தம்பி இருக்கிறானா, அவன் பெயர் ராமனா கிருஷ்ணனா, என்ன கண்டார் அவர்? மருமகளாக வரப்போகிறவளை விட்டால், பூந்தளிரில் அவருக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்றுதான்.

“பேசாம இருப்பாருங்களா?” என்றார் கடைசியில், குரல் சற்று இறங்க. “போன தடவை பார்த்தப்பக்கூடச் சொன்னாரு. பூபதி, எனக்கப்புறம் எல்லாத்தையும் தாரணிதான் பார்த்துக்கோணும், அதுக்குத்தான் அந்தத் தெம்பு இருக்குதுன்னு.”

“சாட்சியை ஏத்துக்கிட்டேனுங்க,” என்றது மண்டபத்துச் சுவர். “இனி தாரணி அம்மாதான் தலைக்கட்டு. அம்மா, துக்கம் எத்தனை நாளைக்குங்க?”

“இன்னைக்கோட முடிஞ்சுது,” என்றாள் தாரணி.

பூபதிராஜ் திடுக்கிட்டுத் திரும்பினார். “ஒரு வருசம்னு இப்பத்தானே சொன்னேன்?”

“நீங்கதானுங்களே சொன்னீங்க சம்மந்தி, நல்ல காரியத்தைத் தள்ளிப்போடாத மனுசன்னு. அவரு பேச்சை நாம மீறலாமுங்களா?”

கூட்டத்தில் யாரோ ஒரு பாட்டையா, “அதுதானே, பெரியவரு மனசு நோகக் கூடாது,” என்று எடுத்துக் கொடுத்தார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள். மேலே எல்லா வீட்டிலும் அடுப்புப் பற்றிக்கொண்ட சத்தம் கேட்டது. பூபதிராஜ் சரிங்க என்றார்.

அன்று மத்தியானமே தாரணி சங்க அறையில் போய் உட்கார்ந்தாள். வாசிக்கட்டுமா என்று நிஷாந்த் தாளோடு வந்தார். “குடுங்கண்ணா, நானே படிச்சுக்கறேன்,” என்று வாங்கிக்கொண்டாள். பொடி எழுத்தையும் விடாமல், பின்பக்கத்தையும் திருப்பி, முழுவதையும் படித்த பிறகுதான் விரலை வைத்தாள். ஒவ்வொரு வீட்டையும் அதனதன் ஆட்களிடம் திருப்பிக் கொடுத்தாள். தன் வீட்டுக்கு வந்தபோது, முன்வாசலில் கேட்காமல் உள்ளே வரக்கூடியவர்கள் பெயரில் மோனிஷாவையும் சேர்த்து அடித்தாள். அது எடுத்துக்காட்டில் இல்லாத வரி, அவளாக யோசித்து அடித்தது.

வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் நிச்சயம் நடந்தது. உங்கள் பக்கம் பெரியவர் யார் என்று ஐயர் கேட்டபோது பூபதிராஜே முந்திக்கொண்டு, “அவங்கதானுங்க, சிங்காரத்தண்ணன் ஒப்படைச்சது அவங்ககிட்டத்தான்,” என்று சொல்லிவிட்டார். ஒரே நாளில் நூறு தடவை அதைச் சொல்லி, அவருக்கே அது நிஜமாகிக்கொண்டு வந்தது. கல்யாணப் பத்திரிகையில் ‘தெய்வத்திரு சிங்காரம் அவர்களின் ஆசியுடன்’ என்று போட வேண்டுமென்று வேறு பிடிவாதம் பிடித்தார். தாரணி பட்டுப்புடவை சரசரக்க எழுந்து வந்து, வெற்றிலை பாக்குத் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி அவர் எதிரே நின்றாள். நாதஸ்வரம் உரக்க எடுத்தது. ஆளுக்கொரு பக்கம் தட்டைப் பிடித்திருந்தபோது பூபதிராஜ் லேசாகக் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

“சம்மந்தியம்மா, தப்பா நினைக்காதீங்க. அந்தச் சிங்காரம்ங்கிறது ஆருங்க?”

“உங்களைவிட எனக்கென்னங்க சம்மந்தி தெரியும் அவரை?” என்றாள் தாரணி.

பூபதிராஜ் தட்டை வாங்கிக்கொண்டார்.